கூண்டுப் பன்றியும் வேட்டை நாயும்

வேட்டைக்குப் போவதும் வேட்டைக்கென்று நாயைப் பழக்குவதும் ஒரே காரியத்தின் இரண்டு பாகங்கள்தாம் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முன்னதற்கு உரிமம் கொடுத்துவிட்டுப் பின்னதைக் குற்றமென்று சொல்வது என்ன நியாயம் என்று சிலர் கேட்பதும் அந்த எண்ணத்தால்தான். ஆனால், காட்டில் ஓடும் பன்றியின் பின்னே நாயை விடுவது ஒன்று. பொறி வைத்துப் பிடித்துவந்த பன்றியை வேலிக்குள் அடைத்து, அதன்மேல் நாய்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏவிவிட்டு, இதெல்லாம் வெறும் பயிற்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்வது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பெரியபுராணம் கேட்டிருந்தால் போதும்.

கண்ணப்ப நாயனார், திண்ணனார் என்ற பெயரோடு வேடர் குலத்து இளைஞராக இருந்தபோது ஆடிய கன்னிவேட்டையைச் சேக்கிழார் வெகு விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். வலை கட்டி, நாய் விட்டு, கூச்சலிட்டுக் காட்டைக் கலக்கிய அந்த வேட்டையிலும் ஒரு தர்மம் இருந்தது. யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. சூல்கொண்டு நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. அப்போது ஒரு பன்றி வலைகளை அறுத்துக்கொண்டு பாய்கிறது. திண்ணனாரும் அவருடைய தோழர்களான நாணனும் காடனுமாக மூவர் மட்டும் அதன் அடி பற்றி நெடுந்தூரம் ஓட, இறுதியில் மலைச்சாரலில் அது திண்ணனாரின் உடைவாளுக்கு இரையாகிறது. அந்தப் பன்றிக்கு ஓடுவதற்கு நான்கு கால்களும், ஒளிவதற்கு ஒரு மலையும் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது அப்படி ஓடியிராவிட்டால் திண்ணனார் காளத்தி மலையின் பக்கம் வந்தே இருக்கமாட்டார். அறுபத்துமூவரில் ஒருவர் குறைந்திருப்பார்.

மலேசியாவின் செந்தூலில் உட்கார்ந்துகொண்டு காட்டுப்பன்றியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். ரயில்வே பட்டறையைச் சுற்றி எழுந்து, கொல்லரும் தச்சரும் கொதிகலன் தொழிலாளருமாகத் தமிழர் நிறைந்து வாழ்ந்த இவ்வூர், இன்று அடுக்குமாடிக் கட்டடங்களும் எல்ஆர்டி நிலையங்களுமாக உருமாறியிருக்கிறது. இங்கே பன்றியின் குளம்படியைக் காண்பதற்கில்லை. ஆனால் இங்குள்ள எத்தனையோ வீடுகளில் 'தோட்டத்தில் இருந்தபோது' என்று தொடங்கும் கதைகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன காலங்களில் லயங்களை விட்டுப் பட்டணம் வந்து சேர்ந்த குடும்பங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைக் கூட்டிக்கொண்டு பன்றி விரட்டப் போனதும், பிடிபட்டதைப் பங்கு போட்டுக்கொண்டதும், மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டு மாலையில் கறி கொதித்ததும் அக்கதைகளில் தவறாமல் வரும்.

அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரிடம், நாய்களை எப்படிப் பழக்கினார்கள் என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்தபடி ஒருமுறை விசாரித்தேன்.

"பழக்கறதாவது! பழைய நாயோட புதுசையும் சேத்து விட்டா அதுவே கத்துக்கும் தம்பி," என்றார்.

"பன்றியைக் கடிக்கச் சொல்லித் தரமாட்டீங்களா ஐயா?"

"நல்ல நாயி பன்னியைக் கடிக்காது. நிப்பாட்டி வச்சிக் குலைக்கும். கடிக்கப் போற நாயி குடல் சரிஞ்சுதான் வீட்டுக்கு வரும்."

இந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருக்கும் அனுபவ ஞானம் சாமானியமானதன்று. பன்றி வேட்டைக்கு உதவும் நாய்களில் இரண்டு விதம் உண்டு. மோப்பத்தால் தேடிக் கண்டுபிடித்து, சற்றே எட்ட நின்று, இடைவிடாமல் குரைத்து, பன்றியை ஓரிடத்தில் நிறுத்திவைப்பது ஒரு விதம். பாய்ந்து காதையோ கன்னத்தையோ கவ்விப் பிடிப்பது மற்றொரு விதம். ஆண் பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப் பற்கள் மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து கத்திபோல் கூர்மையடைகின்றன. அது தலையைத் தாழ்த்தி மேல்நோக்கி வீசினால் நாயின் வயிறோ தொடையோ கிழிந்துவிடும். ஆகையால் மூர்க்கத்தைவிட நிதானமே நாய்க்கு வேண்டிய பிரதான குணம். கூண்டிலோ இதற்கு நேர்மாறான பாடமே கற்பிக்கப்படுகிறது. ஓட வழியில்லாத பன்றி, சில இடங்களில் பல் வெட்டப்பட்டோ வாய் கட்டப்பட்டோ நிற்கும் பன்றி, கவ்வினால் அடங்கிவிடுகிறது என்று இளம் நாய் அங்கே கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தோடு காட்டுக்குப் போகும் நாய்க்கு நேரும் கதியைப் பெரியவர் முன்பே சொல்லிவிட்டார்.

பன்றியின் கதியோ நாயினுடையதைவிடப் பரிதாபகரமானது. காட்டு மிருகம் பிடிபடுவதே அதற்கு ஒரு நோய். கண்ணியில் சிக்கித் திமிறும்போதும், வண்டியில் ஏற்றப்படும்போதும், மனித வாடையும் நாய்க் குரைப்பும் சூழ்ந்த அடைப்பில் கிடக்கும்போதும் ஏற்படும் பெரும்பீதியினால் அதன் தசைகள் சிதைந்து, அச்சிதைவின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கி, வெளிக்காயம் எதுவுமின்றியே சில நாட்களில் மாண்டுபோகும் பிராணிகள் உண்டு. மான் இனங்களில் இது மிகுதி என்பதை மிருக வைத்தியர்கள் நன்கறிவார்கள். இந்த நிலையில் இருக்கிற ஒரு ஜீவனை, இன்று ஒரு நாய்க்கும் நாளை மற்றொன்றுக்குமாகத் திரும்பத் திரும்ப உபயோகிப்பதுதான் பயிற்சி என்று சொல்லப்படுகிறது.

நமக்கு மிக அருகில் இது பகிரங்கமாக நடந்த இடம் மேற்கு ஜாவா. பண்டுங் நகருக்குத் தெற்கே மஜாலாயா வட்டாரத்திலுள்ள சிகாவாவ் என்ற கிராமத்தில், மூங்கில் தட்டிகளால் சூழப்பட்ட, பதினைந்துக்கு முப்பது மீட்டர் அளவுள்ள ஒரு களத்தில், பிடித்துவந்த காட்டுப்பன்றியோடு நாய்களை மோதவிடும் 'அடு பாகோங்' என்ற நிகழ்ச்சி 2017-இல் சர்வதேசப் பத்திரிகைகளில் படங்களோடு வெளியாகி உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. அதன் உற்பத்தியை விசாரித்தால் நம் விஷயம் தெளிவாகிறது. 1960-களில் பன்றிகள் பெருகிப் பயிர்களை நாசமாக்க, ஊரார் நாய்களோடு வேட்டைக்குப் புறப்பட்டார்கள். காலக்கிரமத்தில் அந்த வேட்டையே களத்துக்குள் வந்துவிட்டது. நாய்க்காரர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்தினார்கள். வெற்றிபெற்ற நாய்க்குப் பணப்பரிசு கிடைத்தது. காயம்பட்டும் பிழைத்த பன்றியை ஆற்றித் தேற்றி மறுபடியும் களத்தில் இறக்கினார்கள். பிழைக்காததை அறுத்து விற்றார்கள். கேட்டால், வேட்டை மரபைக் காப்பதற்கும் நாய்களின் திறமையை வளர்ப்பதற்குமே இது என்று பதில். இந்தோனேசியாவின் 2009-ஆம் ஆண்டுக் கால்நடைச் சட்டத்தில் 2014-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், பிராணிகளை ஊனமாகும்படி துன்புறுத்துவதை அதற்கு முன்பே குற்றமாக்கியிருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

பயிற்சி என்ற அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டுதான், முன்வாசல் வழியே துரத்தப்பட்ட கொடிய கேளிக்கை கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வருகிறது என்பது என் அபிப்பிராயம். சட்டம் இயற்றுகிறவர்கள், 'எதற்காகச் செய்தாய்' என்று கேட்கத் தொடங்கினால், சாமர்த்தியசாலிகள் புதிது புதிதாகக் காரணம் சொல்வார்கள்; 'தப்பி ஓடமுடியாத பிராணியின்மேல் மற்றொன்றை ஏவினாயா இல்லையா' என்று மட்டும் கேட்டால் அதற்கு ஆம், இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஒரு நாட்டின் சட்டம் இவற்றில் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் பிறப்பதற்கு மூலகாரணமாக இருந்தவர், பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் தந்தவரும் ராஜ்யசபை உறுப்பினருமாயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அரசாங்கத்தைத் தூண்டிற்று. பின்னர் 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே விளங்கினார். அத்தனை உயர்ந்த நோக்கத்தோடு பிறந்த அச்சட்டத்தின் இன்றைய வாசகத்தில், ஒரு பிராணியை மற்றொன்றோடு மோத ஏவுவது 'கேளிக்கை தருவதற்கென்றே' செய்யப்பட்டால் குற்றம் என்றிருக்கிறது. கேளிக்கையா, யார் சொன்னது, என் நாயை நான் பழக்கினேன் என்று ஒருவன் வாதாட அதில் இடமிருக்கிறது. இந்த ஓட்டையை, வனவிலங்குகளைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அடைத்தது. வேட்டை என்பதற்கு அது இப்போது கொடுக்கும் வரையறையில், கொல்வதோடு நில்லாமல், பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, சீண்டி ஏவுவது எல்லாம் அடங்குகின்றன. அப்பிராணி காட்டில் திரிவதாயினும் சரி, சிறைப்பட்டதாயினும் சரி. காரணம் கேட்கப்படவில்லை. சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்களை வைத்து முயல் பிடிப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்று வனத்துறையின் கையில் அகப்படுவது இந்தச் சட்டத்தினால்தான். நீலகிரியின் வென்லாக் சமவெளியில் ஆங்கிலேயர் தொடங்கிய ஊட்டி வேட்டைக் கழகத்தாரும் நரியை விட்டுவிட்டு, தரையில் இழுத்துச் சென்ற வாசனைத் தடத்தைப் பின்தொடரும் பழக்கத்துக்கு மாறினார்கள். குதிரை ஓடுகிறது, நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடுகின்றன, நரி மட்டும் இல்லை. அதனால் சவாரியின் சுகம் குறைந்துவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் மலேசியாவிலும் ஒரு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதே 1972-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2010-இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பராமரிப்புச் சட்டம், சட்ட எண் 716, கொடுமைகளை வரிசைப்படுத்துகிற 86-ஆம் பிரிவில், எந்தவொரு வனவிலங்கையும் சீண்டுவதற்காகவோ மற்றொரு பிராணியோடு சண்டையிடச் செய்வதற்காகவோ பயன்படுத்துவதையும், ஆத்திரமூட்டுவதையும், அதற்கென்று ஓர் இடத்தை நடத்துவதையும் குற்றமாக்குகிறது. கேளிக்கைக்காக என்ற நிபந்தனை இங்கே இல்லை. இந்த அம்சத்தில் நம் சட்டம் இந்தியாவின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிடச் செவ்வையானது என்று தயங்காமல் சொல்லலாம். இயற்றப்பட்டபோது இக்குற்றத்துக்கு 5,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 50,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுக்கப்பட்டிருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அச்சட்டத்தின் தண்டனைகளை வெகுவாகக் கடுமையாக்கியது. வீட்டுப் பிராணிகளின் நிலை நெடுங்காலம் இவ்வளவுகூட இல்லை. 1953-ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின்படி ஒரு நாயைச் சித்திரவதை செய்தவனுக்கு அதிகபட்ச அபராதம் 200 ரிங்கிட்தான். அறுபது ஆண்டுகள் அந்தத் தொகையைத் தொடுவாரில்லை. 2013-இல்தான் அது 50,000 ஆயிற்று; பின்னர் 2017 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த விலங்குநலச் சட்டம், சட்ட எண் 772, அதை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை என்றும், மூன்றாண்டு வரை சிறை என்றும் உயர்த்தியது.

இத்தகைய கேள்விகளை முதன்முதலில் எழுப்பிய நாடு இங்கிலாந்து. முதன்முதலில் நழுவிய நாடும் அதுவே. காளையையும் கரடியையும் கட்டிவைத்து நாய்களை ஏவும் விளையாட்டுகளை 1835-இல் அங்கே பார்லிமெண்டு தடைசெய்தது. அவை பாமரர்களின் விளையாட்டுகள். ஆனால் அரச குடும்பத்துக்கென்று ஒரு மான்வேட்டை நாய்ப்படை இருந்தது. பூங்காவில் வளர்த்த மானை வண்டியில் ஏற்றிவந்து வயல்வெளியில் இறக்கிவிட்டு, சற்று நேரம் கழித்து நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். மானைக் கொல்வது நோக்கமன்று. மீட்டுக் கொண்டுபோய் மறுவாரம் மறுபடியும் ஓடவிடுவார்கள். இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தது ஹென்றி சால்ட் என்பவர் நிறுவிய ஜீவகாருண்யச் சங்கம். லண்டனில் மாணவராயிருந்த காந்தியடிகளைச் சைவ உணவில் உறுதிப்படுத்திய சிறுநூலை எழுதியவரும் இதே சால்ட்தான். ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்ததும், 1901-இல், அந்த அரச நாய்ப்படை கலைக்கப்பட்டது. ஆயினும் 1911-இல் இயற்றிய பிராணிப் பாதுகாப்புச் சட்டத்தில், சிறைப்பட்ட பிராணியை வேட்டையாடுவது குற்றமாகாது, அது காயமுற்றோ ஊனப்பட்டோ களைத்தோ இருக்கும் நிலையில் அவிழ்த்துவிடப்பட்டாலன்றி, என்று ஒரு விலக்கை எழுதிவைத்தார்கள். ஏழையின் கரடிச் சண்டைக்கு இல்லாத தாட்சண்யம் சீமானின் மானுக்குக் கிடைத்தது.

சட்டம் திடமாக இருந்தாலும் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். அங்கே வேட்டை நாய் இனமான கிரேஹவுண்டுகளின் பந்தயம் பெரும்பாலான மாநிலங்களில் சட்டபூர்வமானது; நாய்கள் துரத்துவது இயந்திரத்தால் இழுக்கப்படும் ஒரு பொம்மையைத்தான். ஆனால் 2015 பிப்ரவரியில் அந்நாட்டு ஒளிபரப்புக் கழகம் வெளியிட்ட ரகசியப் படங்கள், பயிற்சிக் களங்களில் உயிருள்ள பன்றிக்குட்டிகளையும் முயல்களையும் போஸம் என்னும் காட்டுப் பிராணியையும் அந்த இயந்திரத்தில் கட்டி இழுத்ததைக் காட்டின. அது ஏற்கனவே தடைசெய்யப்பட்ட செயல். கொதிப்பு எவ்வளவு பெரிதென்றால், நியூ சௌத் வேல்ஸ் அரசாங்கம் 2016 ஜூலையில் பந்தயத்தையே ஒழிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்று மாதத்தில் பின்வாங்கியது.

ரஷ்யாவில் கரடி, நரி, வளைக்கரடி முதலியவற்றை வைத்து நாய்களைப் பழக்குவதற்கென்றே நிலையங்கள் இருந்தன. 2018 டிசம்பரில் கையொப்பமான சட்டம் அவற்றை ஒழிக்கவில்லை. நாயும் விலங்கும் தொட்டுக்கொள்ளாதபடி இடையே தடுப்பு இருக்கவேண்டும் என்று விதித்தது. அரைக் கிணறு தாண்டிய கதைதான். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், வேலியிட்ட நிலத்தில் நரிகளை விட்டு நாய்க்கூட்டங்களை ஏவும் வழக்கத்தை 2010-இல் அடியோடு நிறுத்தியது. வர்ஜீனியா 2014-இல் புதிய களங்களுக்கு உரிமம் கிடையாது என்று தீர்மானித்தபோது, இருப்பவை மூடிக்கொள்ள நாற்பது ஆண்டுகள் தவணை கொடுத்தது! அந்தத் தவணை 2054-இல் முடியும்.

இதில் மனிதரின் சுகாதாரமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் 1994-இல் சில வேட்டை நாய்களுக்கு வெறிநோய் கண்டது. சோதித்துப் பார்த்தபோது, தெற்கு டெக்சாஸ் ஓநாய்ச்சாதிப் பிராணிகளிடையே பரவியிருந்த ரகம் அது என்று தெரிந்தது. அவ்வளவு தூரம் தாண்டி அந்த நோய் தானாக நடந்து வந்திருக்க முடியாது. வேலியிட்ட களங்களுக்காகப் பிடித்து லாரியில் கொண்டுவந்த பிராணிகளோடு வந்திருக்கவேண்டும் என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. நமக்கோ பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. 1998-99-இல் பேராக்கிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய நிபா காய்ச்சல் 265 பேரைப் பீடித்து 105 உயிர்களைக் கொண்டுபோயிற்று; பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன; அப்போது நாய்களுக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது. அது பண்ணைப் பன்றியால் வந்ததென்பது உண்மையே. ஆனாலும் காட்டிலிருந்து பிடித்து வந்த பன்றியையும் வீட்டுக்குத் திரும்பிப் பிள்ளைகளோடு விளையாடப்போகிற நாயையும் ரத்தம் சிந்த உரசவிடுகிறவன், என்னென்ன கிருமிகளுக்குப் பாலம் கட்டுகிறான் என்று யோசிக்கவேண்டாமா?

விவசாயிகளின் கட்சியையும் கேட்பதே நியாயம். காட்டுப்பன்றி நிஜமாகவே பெருந்தொல்லை. இளம் செம்பனைக் கன்றைக் கிண்டிக் குருத்தைத் தின்றுவிடும். மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் ஒரே இரவில் துவம்சம் செய்யும். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ வனத்தில் 1996-இல் நடந்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருந்தன என்று தெரியவந்தது. சுற்றிலும் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழமும், புலி அருகிப்போனதுமே அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எனவே பன்றியைக் குறைக்கவே கூடாது என்று யாரும் வாதிக்கவில்லை. தீபகற்பத்தில் உரிமம் பெற்றுச் சுடலாம். பயிரை அழிக்கும் விலங்கை முதலில் விரட்டிப் பார்த்து, முடியாதபோது நிலத்துக்குரியவர் நடவடிக்கை எடுக்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் கூண்டிலிருக்கும் பன்றி எவருடைய மரவள்ளியையும் தின்பதில்லை. அதன்மேல் நாயை ஏவுவதால் ஒரு செம்பனைக் கன்றும் பிழைத்துவிடப் போவதில்லை. தேடவும் குரைக்கவும் நாயைப் பழக்க வேண்டுமானால், இழுத்துச் சென்ற தோலின் வாசனைத் தடமும், கூட ஓடுகிற முதிய நாயும் போதும். செந்தூல் பெரியவரும் அதைத்தான் சொன்னார்.

இனி, நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வேலிக்குள் நிற்கிற இரண்டு பிராணிகளும் நம் நாட்டில் இரண்டு சட்டங்களுக்கும் இரண்டு இலாகாக்களுக்கும் உட்பட்டவை. பன்றியின் காயம் 716-ஆம் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் என்று நாம் வழங்கிவரும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்தது; நாயின் காயம் 772-ஆம் சட்டத்தின்படி கால்நடை மருத்துவச் சேவைத் துறையைச் சேர்ந்தது. சபாவிலும் சரவாக்கிலும் வனவிலங்குகளுக்குத் தனிச் சட்டங்களும் தனி அதிகாரிகளும் இருப்பதால், மேற்சொன்ன 716 அங்கே செல்லாது. பழத்தோட்டத்தின் பின்புறத்திலோ கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்திலோ இத்தகைய அடைப்பு ஒன்றைக் கண்ணுறும் வாசகர், ஒரு துறைக்கு மட்டும் தெரிவித்துவிட்டுத் தம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடாமல், இடம், நாள், நேரம், வண்டி எண், தூரத்திலிருந்து எடுத்த படம் ஆகியவற்றோடு இரு துறைகளுக்கும் தனித்தனியே எழுதுவது உத்தமம். வேலிக்கு அருகில் போய்த் தாமே கதவைத் திறந்துவிட முயலவேண்டாம். காயம்பட்ட பன்றி, விடுவிக்க வந்தவரையும் அடைத்தவரையும் வேறுபடுத்திப் பார்க்காது. பெர்ஹிலித்தானின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-5151.